இலங்கையின் மலையும் வயலும்

நீலகிரியில் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவானதற்கு இலங்கையே காரணம். அங்கிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் வனத்துறை மூலம் அவை தொடங்கப்பட்டன.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கி.மீ. தமிழ்நாட்டில் சரிபாதி. மக்கள்தொகை இரண்டு கோடிக்கு மேல். நடுவில் மலை, சுற்றிலும் சமவெளி. மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகால 2,524 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடச் சற்றுக் குறைவு. மழைக்கணக்கும் நமக்குத் தெரிந்ததுதான். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் நனையும்போது மேட்டுப்பாளையம் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறது அல்லவா? அங்கேயும் தென்மேற்குச் சரிவில் மழை கொட்டும்போது அநுராதபுரமும் மட்டக்களப்பும் வறண்டு கிடக்கும். அந்த உலர் பகுதியில் ஏரிகளை நம்பி நெல் விளைகிறது. வடகிழக்குப் பருவமழையில் பெரும்போகம், அடுத்து சிறுபோகம்.

மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சிங்களர். வடக்கு, கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். 1983 முதல் 2009 வரை நடந்த போர் அப்பகுதி விவசாயத்தை முடக்கிப் போட்டது. மலையகத் தமிழர் கதை வேறு. ஆங்கிலேயர் காலத்தில் காப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1869-ல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது (நம் காப்பி விவசாயிகளை இன்றும் விடாத அதே நோய்தான்). அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. 1948-ல் இவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5.25 லட்சம் பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. பிறந்த மண் ஒன்று, அனுப்பப்பட்ட மண் வேறு என்று குடும்பங்கள் பிரிந்தன.

ஆயத்த ஆடை, தேயிலை, சுற்றுலா, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணம் ஆகியவையே அந்நாட்டுக்கு டாலர் தருபவை. சுற்றுலா கொரோனாவில் படுத்தது. டாலர் தட்டுப்பாட்டுக்கிடையே, 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்றார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஏக்கர் நெல்லுக்கு நம் பரிந்துரை சுமார் 60 கிலோ தழைச்சத்து. தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். அதை மட்டும் வைத்துக் கொடுப்பதென்றால் 12 டன் வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. அவ்வளவு எருவுக்கு மாடு எங்கே? இயற்கை உரம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. தக்கைப்பூண்டு மடக்கி உழுது, உயிர் உரமிட்டு, போகத்துக்குப் போகம் யூரியாவைக் குறைத்து வருபவருக்கு மண் தாங்கிக் கொடுக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் கொடுக்காது.

நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு தொடங்கியிருந்தது. உரம் வாங்க டாலரும் இல்லை. அந்தப் போக நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்த நாடு இறக்குமதிக்குக் கையேந்தியது. தேயிலை உற்பத்தி 2021-ல் சுமார் 30 கோடி கிலோ. 2022-ல் 25 கோடியாகச் சரிந்தது. அந்தத் தேயிலையில் பெரும்பகுதி, நீலகிரியைப் போலவே, சிறு விவசாயிகளின் தோட்டத்தில் பறித்தது.