குக்கர் துரத்துகிறதா?

நேற்றுக் கைப்பேசியில் பிரஷர் குக்கர் விலையைப் பார்த்தீர்கள். இன்று சமையல் குறிப்பைத் திறந்தாலும் குக்கர் விளம்பரம், செய்தியைத் திறந்தாலும் குக்கர் விளம்பரம்! போகுமிடமெல்லாம் யாரோ உங்களைக் குறித்து வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

இணையத்தைப் பார்க்க உதவும் பிரவுசர்கள் பெரும்பாலும் இலவசந்தான். ஆனால் குணம் ஒன்றல்ல. 2008-ல் வந்த குரோம் கூகுளுடையது. கூகுளின் பெரும் வருமானம் விளம்பரம். 2004-ல் வந்த பயர்பாக்ஸோ, 2019 முதல் இத்தகைய வேவுக்காரர்கள் பலரைத் தானாகவே வாசலில் நிறுத்திவிடுகிறது. 'யூபிளாக் ஆரிஜின்' என்ற இலவசத் துணையையும் அதில் சேர்த்தால் விளம்பரத் தொல்லை பெரும்பாலும் ஒழியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் சேர்க்கலாம். ஐபோன் பயர்பாக்ஸில் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், பயர்பாக்ஸை வெளியிடும் மோசில்லாவுக்கும் பெரும் வருமானம் கூகுளிடமிருந்துதான்! ஆகவே, சகோதரிகளே, எதை வைத்துக்கொண்டாலும் அதன் அமைப்புகளை ஒரு தடவை திறந்து பாருங்கள். அதற்கும் காசு செலவில்லை அல்லவா?