ஒரு மில்லிலீற்றர் ஊசிக்கு முன்

கோடை ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து ஜான்-டலோன் சந்தைக்குப் போனால், கடைக்காரர்கள் பீச் பழத்தையும் தக்காளியையும் வெட்டித் தட்டில் வைத்திருப்பார்கள். ருசி பார்த்துத்தான் வாங்குவோம். ஆனால் “அக்காவின் கலியாணம் வருகுது, உதட்டுக்கு ஃபில்லர் போடுவமா?” என்று நம் பிள்ளைகள் கதைக்கிறார்களே, அதை ருசி பார்த்து வாங்க முடியாது. ஆகவே தம்பி தங்கைமாரே, ஒரு தாதியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃபில்லர் என்றால் என்ன?

ஃபில்லரும் பொட்டொக்ஸும் ஒன்றல்ல. பொட்டொக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. ஃபில்லர் என்பது தோலுக்குள்ளோ அதற்குக் கீழேயோ ஊசியால் செலுத்தி, பள்ளமான இடத்தை நிரப்பும் ஜெல்.

பெரும்பாலானவை ஹயலுரோனிக் அமிலத்தால் ஆனவை. அமிலம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே உள்ள பொருள். 1934இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜோன் பால்மரும் இதை மாட்டுக் கண்ணிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடல் நாள்தோறும் உடைத்துப் புதிதாக்குகிறது.

அதனால் அப்படியே ஏற்றினால் சில நாட்களில் கரைந்துவிடும். இதன் நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து வலைபோல் ஆக்கினால் கரைவது தாமதமாகும். அந்த வலை தண்ணீரைப் பிடித்து வைப்பதால் தோல் உயர்ந்து நிற்கிறது. போட்ட இடத்தையும் வகையையும் பொறுத்து பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்கள் நிற்கும். ஒரு ஊசியில் வழக்கமாக 1 மில்லிலீற்றர்தான்; ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு, வயதோடு ஒட்டிப்போன கன்னம், மெல்லிய உதடு, சிலவகைப் பருத் தழும்புப் பள்ளங்கள் ஆகியவற்றுக்கு உதவும். எச்.ஐ.வி. உள்ள சிலருக்கு முகக் கொழுப்புக் குறைந்து கன்னம் குழிவிழும். அவர்களுக்காகவே 2004இல் அமெரிக்கா ஒருவகை ஃபில்லரை அனுமதித்தது. முகமே நோயைக் காட்டிக்கொடுக்குமோ என்று அஞ்சியவர்களுக்கு அது பேருதவி. ஆகவே ஃபில்லர் போட்டவர்களை எல்லாம் ‘பெருமைக்காரர்’ என்று தீர்ப்பிட வேண்டாம்.

ஆனால் நம் தோல் நிறத்தில் பலருக்கும் உள்ள கண்ணடிக் கருமை நிறமியால் வந்ததென்றால், ஃபில்லர் அதை மாற்றாது. பள்ளத்தின் நிழலாக இருந்தால் மட்டுமே பலன் கிடைக்கலாம். வெயில் பட்ட கறுப்புக்கும் தோல் நிறத்துக்கும் இது மருந்தல்ல.

ஆபத்து எங்கே?

சில நாள் வீக்கமும் கண்டலும் வழக்கமானவை. அரிதாக, ஜெல் இரத்தக் குழாயை அடைத்துவிடும். அப்போது தோல் அழியலாம், பார்வையே போகலாம். கடும் வலி, தோல் வெளிறுதல், வலைபோல் நீலம் பாய்தல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் 911ஐ அழையுங்கள். ஹயலுரோனிக் ஜெல்லைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற நொதியம் உண்டு. அதை உடனே கொடுக்க வேண்டும். மற்ற வகை ஃபில்லர்களை அது கரைக்காது.

கியூபெக்கில் இந்த ஊசியைப் போடுபவர் வைத்தியராகவோ, வைத்தியரின் மதிப்பீட்டுக்கும் எழுத்துமூலப் பரிந்துரைக்கும் பிறகு செயற்படும் தாதியாகவோ இருக்க வேண்டும். தெரிந்த அன்ரியின் வீடோ அழகு நிலையமோ இதற்கான இடமல்ல. ஊசியில்லாமல் ஏற்றும் ‘ஹயலுரோன் பேனா’வைப் பற்றியும் ஹெல்த் கனடா எச்சரித்திருக்கிறது. அமெரிக்காவில் இந்த ஃபில்லர்களுக்கான அனுமதியே 22 வயதுக்குப் பிறகுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போட நினைத்தால் இவற்றைக் கேளுங்கள்:

உங்கள் பெயர் தொழில்முறைப் பதிவேட்டில் உண்டா? (வைத்தியருக்கும் தாதியருக்கும் பொதுப் பதிவேடு உண்டு, நீங்களே தேடிப் பார்க்கலாம்.)
ஜெல்லின் பெயர் என்ன? பெட்டியை என் முன்னால் திறப்பீர்களா?
கரைக்கும் நொதியம் இங்கே இருக்கிறதா?
இரவில் பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது?

விலையைக் கடைசியாகக் கேளுங்கள். மேலே உள்ள நான்கில் ஒன்றுக்குச் சரியான பதில் வராவிட்டாலும், விலை எவ்வளவு மலிவானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.