கரண்டு சீமாறு வந்த கதை

இந்தப் பகுதியில் வரும் வீட்டுக் குறிப்புகளையும் அனுபவக் கடிதங்களையும் விடாமல் படிக்கிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவது ரொம்பச் சின்ன விஷயம். வீடு கூட்டுகிற விஷயம். ஆனால் அந்தச் சின்ன விஷயம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

எங்களுக்குத் திருப்பூர். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையல்கட்டு, அவ்வளவுதான் வீடு. கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். இது என்ன வேலை என்று வெளியூர்ச் சகோதரிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தைத்து முடித்த பனியனில் அங்கங்கே நூல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை ஒன்றொன்றாகப் பார்த்து வெட்ட வேண்டும். சாயங்காலம் பார்த்தால் தரை முழுக்க நூல் பிசிறாகக் கிடக்கும். ஃபேனைப் போட்டால் சமையல்கட்டு வரைக்கும் பறந்து போகும். சீமாறு வைத்துக் கூட்டினால் பாதி நூல் சீமாற்றிலேயே ஒட்டிக்கொள்ளும், மீதி எதிர்ப்பக்கம் ஓடும். அது போதாதென்று பிள்ளைகள் பென்சில் சீவிய தூள், அத்தை உருவிப் போட்ட முருங்கைக்கீரைக் காம்பு, கொட்டிய கடுகு. காலையில் ஒரு தடவை கூட்டினால் போதும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஆறு தடவை குனிந்திருக்கிறேன்.

போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதலில் தைலம் தேய்த்தேன், பிறகு ஒத்தடம் கொடுத்தேன். ஒருநாள் காலையில் பாயை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது என்றார். மூன்று மாதம் குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

என் கையிலிருந்த சீமாறு அத்தை கைக்குப் போனது. (மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.) அவர்களுக்கு வயது எழுபதை நெருங்குகிறது, மூட்டு வலி வேறு. ஒரு வாரம் கூட்டினார்கள், பிறகு முடியவில்லை. அப்புறம் என் பெரியவள் கைக்குப் போனது. அவள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் விடிகாலை ஐந்து மணி இருக்கும். சத்தம் கேட்டு விழித்துப் பார்த்தேன். நாற்காலி மேல் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, ஒரு வரியைப் பார்ப்பதும், வாய்க்குள் சொல்லிக்கொண்டே கூட்டுவதுமாக இருந்தாள். பக்கத்தில் எட்டாவது படிக்கிற என் சின்னவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். அவள் அவன் காலைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகிறாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. என் பத்தாவது வருஷம் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு முடியாமல் போனபோது வாசலும் மாட்டுக்கொட்டகையும் கூட்டிவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றுபோனது.

அன்று ராத்திரி, "தம்பியும் ஒரு வேளை கூட்டட்டுமே" என்று மெதுவாக ஆரம்பித்தேன். அத்தை உடனே, "ஆம்பளப் பையன் கையில சீமாத்தக் குடுத்தா ஊரு சிரிக்கும் அம்மிணி" என்றார்கள். கணவர் ஒன்றும் சொல்லாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த நாள் வரை நானும் அவனை "கூட்டு" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அக்கா வீட்டில் அந்தக் கருவியைப் பார்த்தேன். கைத்தடி மாதிரி நீளக் கம்பு. அடியில் பட்டையான வாய். உள்ளே உருளை மாதிரி பிரஷ் சுற்றுகிறது, அது தள்ளிக் கொடுக்கும் குப்பையைக் காற்று உறிஞ்சி ஒரு கண்ணாடி மாதிரி டப்பாவில் சேர்க்கிறது. ஒயர் கிடையாது. செல்போன் மாதிரி சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு நின்றபடியே தள்ள வேண்டியதுதான். வாங்கித் தள்ளிப் பார்த்தேன். என் இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை!

ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விலை ஆறாயிரத்துச் சொச்சம். "சீமாறு வாங்கினா நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுபோகுமே" என்று கணவர் முனகினார். "நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா அந்தச் சீமாத்தை யாரு புடிக்கறதுன்னு சொல்லுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், 'கரண்டு சீமாறு' என்று. ஆனால் முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. நான் பிசிறு வேலையை முடிப்பது சாயங்காலம் ஏழு மணிக்கு. விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டினால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பது அத்தையின் உறுதியான நம்பிக்கை. நான் டப்பாவைக் காட்டி, "குப்பை இதுக்குள்ளதானுங்க அத்தை இருக்குது. விடிஞ்ச பொறவுதான் வெளிய கொட்டுவேன்" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "குப்பை வெளிய போகலீன்னா லட்சுமியும் போகமாட்டா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வழக்கத்தில் எவ்வளவு புத்தி இருக்கிறது என்று அடுத்த மாதமே தெரிந்தது. பெரியவளின் தோட்டுத் திருகாணி ஒன்று காணாமல் போய், வீடு முழுக்கத் தேடினோம். காலையில் டப்பாவைக் காகிதத்தில் கொட்டினால் நூலுக்கு நடுவில் பளிச்சென்று கிடக்கிறது. அந்தக் காலத்தில் மங்கிய விளக்கு வெளிச்சத்தில் கூட்டித் தள்ளினால் பொட்டுத் தங்கமும் குப்பையோடு போய்விடும் என்றுதான் பெரியவர்கள் அப்படிச் சொல்லி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. டப்பாவை நேராகக் குப்பைத்தொட்டியில் கொட்டாமல், ஒரு காகிதத்தில் கொட்டிப் பார்த்துவிட்டு எறியுங்கள் சகோதரிகளே.

இனி என் சின்னவன் கதை. மெஷின் என்றதும் ஓடி வந்துவிட்டான். வண்டி ஓட்டுகிற மாதிரி "டுர்ர்..." என்று வாயால் சத்தம் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் எல்லாம் விட்டான். சாப்பிட்ட இடத்தில் சிந்திய முறுக்குத் தூளை அவனே எடுத்தான். ஒரு வாரத்தில், "அம்மா, நூலை எல்லாம் நான் எடுத்துடறேன்" என்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரே எடுத்து ஹாலைத் தள்ளினார். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஊர் சிரிக்கும் என்று சொல்லவில்லை. சீமாறு பிடித்தால் குறைச்சல், மெஷின் பிடித்தால் குறைச்சல் இல்லை. வேலை ஒன்றுதானே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

சின்னவன் செல்போனில் தேடி ஒரு சங்கதி படித்துக் காட்டினான். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் மெல்வில் பிஸ்ஸல், அன்னா பிஸ்ஸல் என்ற தம்பதி பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தார்களாம். பாத்திரம் உடையாமல் இருக்க மரத்தூள் வைத்துக் கட்டி வரும். அந்தத் தூள் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டு பெரிய தொல்லை. அதற்காக அந்தக் கணவர் சக்கரம் உருண்டால் பிரஷும் சுற்றுகிற மாதிரி ஒரு தள்ளு கருவி செய்து 1876-ல் காப்புரிமை வாங்கினார். கரண்டே வேண்டியதில்லை. 1889-ல் அவர் இறந்ததும் அன்னா அம்மாள்தான் கம்பெனியை ஏற்று நடத்தினாராம். அவர்களுக்கு மரத்தூள், எனக்கு நூல் பிசிறு! அந்த மாதிரி சும்மா தள்ளுகிற வகை இன்றைக்கும் கிடைக்கிறது. சார்ஜ் வகையை விட விலையும் குறைவு.

எல்லாம் நல்லபடியாகப் போனது என்று சொன்னால் பொய். இரண்டாவது மாதம் ஒருநாள் மெஷின் உறுமியது, ஆனால் பிரஷ் சுற்றவில்லை. "ஆறாயிரம் போச்சு, நான் அப்பவே சொன்னேன்" என்று கணவர் ஆரம்பித்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பிரஷ் உருளையில் நூலும் எங்கள் தலைமுடியும் கயிறு மாதிரி இறுகிச் சுற்றியிருந்தது. சுவிட்சை அணைத்து, உருளையைக் கழற்றி, பிசிறு வெட்டுகிற டிரிம்மராலேயே நறுக்கி எடுத்தேன். மறுபடி சுற்றியது! என் தொழில் கருவி இதற்கும் உதவியது. இப்போது வாரம் ஒரு தடவை அதைச் செய்துவிடுகிறேன்.

வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில குறிப்புகள்:

* கடையில் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஒரு கையால் ஐந்து நிமிஷம் தள்ளிப் பாருங்கள். என்னுடையது இரண்டு கிலோவுக்கும் குறைவு. மோட்டார் மேலே கைப்பிடி பக்கம் இருந்தால் பாரம் மணிக்கட்டுக்கு வரும், கீழே இருந்தால் தரை தாங்கிக்கொள்ளும்.

* சார்ஜ் ஏற நாலு மணி நேரம் ஆகிறது. மெதுவான வேகத்தில் அரை மணி ஓடுகிறது. வேகத்தைக் கூட்டினால் அதில் பாதிகூட ஓடாது. நம் வீட்டுக் குப்பைக்கு மெதுவான வேகமே போதும்.

* ஈரம் கூடாது. கொட்டிய சாம்பார், ஈரக் கீரை, தண்ணீர் எதையும் காட்டாதீர்கள். கனல் இருக்கும் சாம்பிராணிச் சாம்பலும் வேண்டாம். உடைந்த கண்ணாடி, குண்டூசி இவற்றை முதலில் கையுறை போட்டோ காகித அட்டையாலோ எடுத்துவிடுங்கள். கோலப்பொடி ரொம்ப நைஸாக இருப்பதால் வடிகட்டியை அடைத்துவிடும்.

* வடிகட்டியைத் தட்டித் தூசி எடுக்க வேண்டும். கழுவக்கூடிய வகையாக இருந்தால் கழுவி, ஒருநாள் முழுக்க நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் வரும், மோட்டாரும் கெடும்.

* அடுப்புப் பக்கத்திலோ மெத்தை மேலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி உப்பினாலோ ரொம்பச் சூடானாலோ உடனே நிறுத்திவிடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடக்கூடாது. 2022-ல் மத்திய அரசு இதற்கென்றே விதி கொண்டுவந்திருக்கிறது. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

* பேட்டரி, பிரஷ், வடிகட்டி தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் ரிப்பேர் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

இது சீமாற்றுக்கு மாற்று என்று நினைத்துவிடாதீர்கள். வாசல் கூட்ட ஈர்க்குச் சீமாறுதான். மூலை முடுக்குக்குப் பூந்துடைப்பம்தான். துடைக்க மாப்பு வேண்டும். இது நடுநடுவே சிந்துவதை எடுப்பதற்கு மட்டும். எனக்கு ஆறு தடவை குனிந்தது ஒன்றாகக் குறைந்திருக்கிறது, அதுவே பெரிய பாக்கியம். பெரியவள் விடிகாலையில் புத்தகத்தை மட்டும் பிடித்துப் படித்துப் பரீட்சை எழுதினாள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள்.

கடைசியாக ஒன்று. போன மாதம் ஒரு சாயங்காலம் சின்னவன் தள்ளிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்து பாதியிலேயே நின்றுவிட்டது. கரண்டும் இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன். "விடு கண்ணு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால், மூலையில் இருந்த பூந்துடைப்பத்தை எடுத்து மீதி நூலைக் கூட்டி ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருக்கிறான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை அவனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு, "வெளிய தள்ளீராத சாமி, வெளக்கு வெச்சாச்சு" என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்கு அன்றுதான் ஆறாயிரம் ரூபாய் வசூலானது. மெஷின் வாங்க வசதிப்பட்டால் வாங்குங்கள். வசதி இல்லாவிட்டாலும், இன்றைக்குச் சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு ஒரு மூலையைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள். நான் பதின்மூன்று வருஷம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

- ஒரு வாசகி, திருப்பூர்.