நடுவயதில் மாறும் தொழில்

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தொழிலிலிருந்து மீட்கப்படுபவருக்கோ அவர் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கோ, அவர் விரும்பினால், வாழ்வாதாரப் பயிற்சி தரச் சொல்கிறது. பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையும் உண்டு.

'விரும்பினால்' என்ற சொல்லை நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்ணென்றால் தையல், ஆணென்றால் ஓட்டுநர் என்று முன்கூட்டியே முடிவுசெய்வது விருப்பம் கேட்பதாகாது. நாற்பத்தைந்து வயதில் வகுப்பில் உட்காருபவர் பள்ளிப் பிள்ளை அல்லர். கடன், பிள்ளைகளின் படிப்பு, தேய்ந்த உடம்பு, ஊர் ஒட்டிய சாதி முத்திரை எல்லாவற்றையும் சுமந்தே வருகிறார். உதவித்தொகை தாமதமானால் அடுப்பு அணையும். அவர் பழைய வேலைக்கே திரும்புவார். அதைச் சோம்பல் என்பது அநீதி.

சான்றிதழ் மட்டும் மறுவாழ்வாகாது. பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? மாவட்டக் கண்காணிப்புக் குழுவிடம் கேட்போம்.