எந்த மணி ஐயர்? எந்தச் சர்ச்சில்? தெரியுமா?

கர்நாடக சங்கீதத்தில் ஒரே காலத்தில் இரண்டு மணி ஐயர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள், தெரியுமா? ஒருவர் பாட்டு, இன்னொருவர் மிருதங்கம். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1912! இருவருமே சங்கீத கலாநிதி! கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுத உட்காருகிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'மணி ஐயர் (இசைக் கலைஞர்)' என்று தலைப்பு வைத்தால் உதவாது. சரி, பிறந்த ஆண்டைப் போடலாம் என்றால் அதுவும் உதவாது. நல்லவேளை, சபாக்காரர்களும் ரசிகர்களும் அந்த வேலையை முன்பே முடித்துவிட்டார்கள். மதுரை மணி ஐயர், பாலக்காடு மணி ஐயர். அடைப்புக்குறியே தேவைப்படவில்லை!

விக்கிப்பீடியாவில் இதற்கென்றே ஒரு தனி சாஸ்திரம் இருக்கிறது. ஒரே பெயரில் பலர் இருந்தால் எல்லோரையும் வரிசைப்படுத்தி ஒரு பக்கம் போடுவார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்குப் பெயர் 'பக்கவழி நெறிப்படுத்தல்'. பெயரைச் சொன்னதும் பெரும்பாலோருக்கு ஒரே ஆள்தான் நினைவுக்கு வருவார் என்றால் வெறும் பெயர் அவருக்குப் போய்விடும். மற்றவர்களுக்கு ஏதாவது ஓர் அடைமொழி ஒட்ட வேண்டும். ஊர் வாயில் ஏற்கெனவே புழங்கும் அடைமொழி இருந்தால் அதற்கே முதல் மரியாதை. இல்லாவிட்டால்தான் அடைப்புக்குறி.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? வின்ஸ்டன் சர்ச்சிலிடம் வாருங்கள். எந்த வின்ஸ்டன் சர்ச்சில்? அதுதான் கேள்வியே! 1871-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்தார். நாவலாசிரியர், அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்டவர். நாம் அறிந்த பிரிட்டிஷ் சர்ச்சில் பிறந்தது 1874-இல். 1899-இல் இந்த இளையவர் மூத்தவருக்குக் கடிதம் எழுதினார். வாசகர்கள் குழம்பக்கூடாது, ஆகவே இனி என் புத்தகங்களில் 'வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்' என்று போட்டுக்கொள்கிறேன் என்றார். என்ன பண்பு! மூத்தவரும் சளைக்கவில்லை. எனக்கு நடுப்பெயர் எதுவும் இல்லை, இருந்திருந்தால் நானும் சேர்த்துக்கொண்டிருப்பேன் என்று பதில் போட்டார். 1900-இல் பாஸ்டன் நகரில் இருவரும் நேரில் சந்தித்தும் பேசினார்கள்.

இனிதான் வேடிக்கை. இவர்களில் ஒருவருக்கு 'அரசியல்வாதி' என்று அடைப்புக்குறி போடலாமா? முடியாது, அமெரிக்கச் சர்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் இருந்தவர். 'எழுத்தாளர்'? வாய்ப்பே இல்லை, பிரிட்டிஷ் பிரதமர் 1953-இல் இலக்கியத்துக்கே நோபல் வாங்கியவர்! 'ஓவியர்'? இருவரும் பொழுதுபோக்காகப் படம் வரைந்தவர்கள்! கடைசியில் ஆங்கில விக்கிப்பீடியா அமெரிக்கருக்கு 'நாவலாசிரியர்' என்ற சொல்லை ஒட்டியது. அதிலும் ஓட்டை உண்டு, தெரியுமா? பிரதமர் சர்ச்சிலும் 'சவ்ரோலா' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார்! ஆனால் அவரை நாவலாசிரியர் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அந்தத் தலைப்பு நிற்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. தலைப்புக்கு வேண்டியது சத்தியப் பிரமாணம் இல்லை, தேடி வருகிறவருக்குச் சட்டென்று ஆள் பிடிபட வேண்டும்.

நமக்குத்தான் இனிஷியல் இருக்கிறதே என்கிறீர்களா? நடிகை வி.என்.ஜானகி, பாடகி எஸ்.ஜானகி விஷயத்தில் அது கைகொடுத்தது. எஸ்.ராமகிருஷ்ணன்? 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018-இல் சாகித்ய அகாடமி வாங்கியவரும் எஸ்.ராமகிருஷ்ணன். தற்காலத் தமிழ் அகராதி கொண்டுவந்த 'க்ரியா' பதிப்பாளரும் எஸ்.ராமகிருஷ்ணன். இருவருமே புத்தக உலகம்! அங்கேயும் வாசகர்களே வழி கண்டார்கள்: அவர் எஸ்.ரா., இவர் க்ரியா ராமகிருஷ்ணன்.

இனிஷியலையே கற்பனையாக வைத்துக்கொண்டவரைத் தெரியுமா? ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ்! நடிகர் சங்கத்தில் ஒரே பெயரில் இருவர் இருக்கக்கூடாது என்று விதி, ஏற்கெனவே ஒரு மைக்கேல் ஃபாக்ஸ் இருந்தார். இவருடைய உண்மையான நடுப்பெயர் ஆண்ட்ரூ. ஆனால் தனக்குப் பிடித்த நடிகர் மைக்கேல் ஜே. பொல்லார்டிடமிருந்து 'ஜே'யை எடுத்துக்கொண்டார். அப்பா பெயரின் முதலெழுத்தைச் சுமந்து திரியும் நமக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும்! பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டனின் இயற்பெயர் என்ன தெரியுமா? மைக்கேல் டக்ளஸ்! அந்தப் பெயரிலும் வேறொரு நட்சத்திரம் இருந்ததை நாடறியும்.

பிரேசில் கால்பந்தில் இன்னும் கூத்து. 1994 உலகக் கோப்பை அணியில் இரண்டு ரொனால்டோ. மூத்தவரை 'பெரிய ரொனால்டோ' என்ற பொருளில் ரொனால்டாவ் என்றார்கள். 1996 ஒலிம்பிக்கில் இன்னொரு ரொனால்டோ வந்து சேர, நம் பிரபல ரொனால்டோ 'சின்ன ரொனால்டோ' என்று பொருள்படும் ரொனால்டினோ என்ற பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடினார். நாம் இன்று ரொனால்டினோ என்று கொண்டாடுகிறவர் இவர்களுக்கெல்லாம் பிறகு வந்தவர்!

பேசாமல் ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டால்? அதையும் செய்தாயிற்று. 2012-இல் தொடங்கிய, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவில் ஒவ்வொருவருக்கும் 'க்யூ' என்ற எழுத்தோடு ஓர் எண். டக்ளஸ் ஆடம்ஸுக்கு க்யூ42, அவர் நாவலில் பிரபஞ்சக் கேள்விக்கெல்லாம் விடை 42 என்பதால். கணினிக்குப் பரம சௌக்கியம். நாம்தான் எண்ணை வைத்து யாரையும் தேட மாட்டோமே!

இதெல்லாம் இணையக் காலத்துத் தலைவலி என்று நினைத்தால், சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களைப் பாருங்கள்! நெடுஞ்செழியன்கள் குழப்பினார்களா? ஒருவர் ஆரியப்படை கடந்தவர், ஒருவர் தலையாலங்கானத்துச் செருவென்றவர். போரை வைத்துப் பிரித்துவிட்டார்கள். இரண்டு நன்மாறன்களை? இறந்த இடத்தை வைத்து! ஒருவர் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், மற்றவர் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். புறநானூற்றின் 58-ஆம் பாட்டு இன்னும் விசேஷம். சோழனும் பாண்டியனும் ஒன்றாக வீற்றிருப்பதைக் கண்டு காரிக்கண்ணனார் மகிழ்ந்து பாடியது அது. பாட்டுக்குள் இருவரும் உயிரோடு ஜம்மென்று இருக்கிறார்கள். அடிக்குறிப்பிலோ ஒருவர் குராப்பள்ளித் துஞ்சியவர், மற்றவர் வெள்ளியம்பலத்துத் துஞ்சியவர்!

புலவர்களுக்கு ஊரும் தொழிலும். சாத்தனார் என்ற பெயர்தான் எத்தனை பேருக்கு! மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார் என்று வரிசை நீள்கிறது. பெருந்தலைச் சாத்தனார் என்றும் ஒருவர். பெருந்தலையூர்க்காரர் என்று சிலர் சொல்கிறார்கள், தலை பெரிதாக இருந்ததால் வந்த பெயர் என்று வேறு சிலர். அடைமொழி ஒட்டியவருக்கு ஆள் யாரென்று தெளிவாகத் தெரிந்திருக்கும். ஊரா தலையா என்று இன்றைக்கும் மல்லுக்கட்டுவது உரைகாரர்கள்தான்!