பிடி நழுவினால் தடி எங்கே நிற்கும்?

சா மில்லுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் பயப்படுவது பேண்ட் சா பிளேடைப் பார்த்துத்தான். பிளேடாவது ஒரே இடத்தில் ஓடுகிறது, கூண்டு போட்டு மறைத்துவிடலாம். டிராலியில் ஏற்றி இறுக்கும் வரை தடி உருளத் தயாராகவே இருக்கும். ஆகவே தடி ஏற்ற எந்த ஏற்பாடு செய்தாலும் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: பிடி நழுவினால் இது எங்கே போய் நிற்கும்?

அதற்கு எடை தெரிய வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மரவாடியில் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். 6 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தடி, அந்தக் கணக்கில் 22.5 கன அடி. விலை பேச அது போதும். ஆனால் உருண்டைத் தடியின் உண்மையான அளவு ஏறக்குறைய 28.6 கன அடி. பச்சை மரத்தைத் தண்ணீர் எடைக்கே, அதாவது கன அடிக்கு 28.3 கிலோ என்று வைத்தாலும் 810 கிலோ வருகிறது. வாடிக் கணக்கை நம்பியவர் 640 கிலோ என்றே நினைத்திருப்பார். தண்ணீரில் மூழ்கும் மரங்களும் உண்டு. அவை இன்னும் கனம். அதனால் இந்தத் தடிக்கு ஒரு டன் செயின் பிளாக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இரண்டு டன் வேண்டும். அதை மாட்டும் மேல் பீமும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும்.

தடியின் இரு முனையிலும் சங்கிலி போட்டு ஒரே கொக்கியில் மாட்டும்போது கோணத்தைக் கவனியுங்கள். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு சங்கிலிக்கும் எடையில் 58 சதவீதம். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு எடையையும் சுமக்கும். சங்கிலி குட்டையாக இருக்கிறதே என்று அகட்டி மாட்டுவது அறுந்து விழுவதற்கு வழி. கொக்கியின் வாய்த்தாழ் உடைந்திருந்தால் அன்று வேலை வேண்டாம். தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வைத்தது. சிறிய மில்லுக்கும் அது நல்ல வழக்கம்தான்.

செயின் பிளாக் இல்லாத இடத்தில் இரண்டு பீம்களைச் சாய்த்து உருட்டி ஏற்றுவார்கள். 2 அடி உயரத்துக்கு 8 அடி நீளப் பீம் போடுங்கள். கயிற்றின் ஒரு முனையை டிராலிப் பக்கம் கட்டி, தடியின் அடியில் விட்டுச் சுற்றி எடுத்து, மறுமுனையை இழுத்தால் இழுவிசை பாதியாகும். நம் 810 கிலோ தடிக்குச் சுமார் 100 கிலோ இழுப்பும், உராய்வுக்குக் கொஞ்சம் கூடுதலும் போதும். பீமின் மேல்முனையைச் சும்மா சாத்தி வைக்காமல் போல்ட் போட்டு இறுக்குங்கள். கீழ்முனை மண்ணில் புதையாதபடி கெட்டித் தரையில் உட்காரட்டும்.

பீமில் இரண்டடிக்கு ஒன்றாக, ஒருபக்கம் மட்டும் மடங்கும் இரும்புத் தடுப்புகள் வையுங்கள். தடி ஏறும்போது அவை அமுங்கிக் கொடுக்கும். தாண்டியதும் பின்னால் எழுந்து நிற்கும். இது இல்லாத மில்களில் ஒருவர் தடிக்குக் கீழே நின்று கையாலேயே முட்டுக்கட்டை தள்ளிக்கொண்டு வருவார். அந்த இடத்தில் எந்த மனிதரும் நிற்கவே கூடாது. டிராலியின் எதிர்ப்பக்கத்திலும் தடுப்பை முதலிலேயே தூக்கி நிறுத்துங்கள். வேகமாக ஏறிய தடி அந்தப் பக்கம் தாண்டி, கயிறு இழுப்பவர்மேல் விழலாம்.

ஏற்றும்முன் டிராலிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தடி ஏற்றுபவர் வைத்துக்கொள்ளட்டும். அணைத்தவுடனே பிளேடு நின்றுவிடாது. கனத்த சக்கரங்கள் சிறிது நேரம் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது அடங்கும் வரை காத்திருங்கள்.

எல்லாம் பொருத்தியபின் முதலில் ஒரு சிறிய தடியை ஏற்றுங்கள். ஒரு தடுப்பைத் தாண்டியதும் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, கயிற்றை மெல்லத் தளர்த்துங்கள். தடி பின்வாங்கித் தடுப்பில் சாய்ந்து அசையாமல் நின்றால், அடுத்து பெரிய தடியைக் கொண்டுவரலாம்.