தேநீர்க் காசு கேட்ட ஹாங்காங்

1960களின் ஹாங்காங்கில் வீடு பற்றி எரிந்தாலும், தீயணைப்புக்காரர் கையில் காசு விழுந்த பிறகுதான் குழாயில் தண்ணீர் வரும் என்று மக்கள் சொல்வார்கள். நோயாளியைத் தூக்குமுன் ஆம்புலன்ஸ் ஊழியர் 'தேநீர்க் காசு' கேட்பார். மருத்துவமனையில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆயாவுக்குக் கொடுக்க வேண்டும். காவல்துறையிலோ, சூதாட்ட விடுதிகளில் வசூலான பணம் பதவிக்கேற்பப் பங்கு பிரிக்கப்பட்டது. லஞ்சத்தை விசாரிக்கும் பிரிவும் அதே காவல்துறைக்குள்தான் இருந்தது. யார் துணிந்து புகார் கொடுப்பார்கள்?

1973இல் பீட்டர் காட்பர் என்ற உயர் காவல் அதிகாரியிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து இருப்பது தெரிந்தது. இருபது ஆண்டுகளில் அவர் வாங்கிய மொத்தச் சம்பளத்தைப்போல ஆறு மடங்கு. கணக்குக் கேட்டு நோட்டீஸ் போன சில நாட்களில், காவல்துறை அனுமதி அட்டையைக் காட்டிக் குடிவரவுச் சோதனையைத் தாண்டி, விமானம் ஏறி லண்டன் போய்விட்டார். ஊர் கொதித்தது.

ஆளுநர் மரே மெக்லெஹோஸ் விசாரணைக்கு உத்தரவிட்டதோடு நிற்கவில்லை. விசாரணைப் பொறுப்பையே காவல்துறையிடமிருந்து பிடுங்கினார். 1974 பிப்ரவரி 15 அன்று ஊழலுக்கு எதிரான சுதந்திர ஆணையம், ஐசிஏசி, பிறந்தது. அதன் ஆணையர் நேரே ஆளுநருக்கு மட்டுமே பதில் சொன்னார். மறு ஆண்டே காட்பர் திரும்பக் கொண்டுவரப்பட்டு, நான்கு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

கைதுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது ஆணையத்தின் ஊழல் தடுப்புத் துறை. எந்த மேசையில் கோப்பு தேங்குகிறது, எந்த உரிமத்தை ஒரே ஒருவர் தன் விருப்பப்படி கொடுக்கவோ மறுக்கவோ முடிகிறது, எந்த விதி மக்களுக்குத் தெரியாமல் இருக்கிறது என்று அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பார்த்து, நடைமுறையையே மாற்றச் சொல்வது அதன் வேலை. லஞ்சம் கேட்க வாய்ப்பே இல்லாத இடத்தில் நல்லவர், கெட்டவர் என்று ஆள் பார்க்க வேண்டியதில்லை.

வழி நேராக இருக்கவில்லை. 1977 அக்டோபரில் காவலர்களே ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினார்கள். அதையடுத்து, அந்த ஆண்டுக்கு முந்தைய லஞ்சக் குற்றங்களில் பெரும்பாலானவற்றை ஆளுநர் மன்னித்துவிட்டார். மனம் ஒப்பாத முடிவுதான். ஆனாலும் ஆணையத்தின் அதிகாரத்தில் அவர் கைவைக்கவில்லை, அது பிழைத்துக்கொண்டது.

இன்று ஆம்புலன்ஸுக்குக் காசு கொடுத்த கதையை அங்குள்ள இளைஞர்கள் தாத்தா பாட்டி சொல்லித்தான் கேட்டிருப்பார்கள். சிக்கல் மேல்மாடிக்கு நகர்ந்துவிட்டது. அரசின் இரண்டாம் நிலைப் பதவியில் இருந்த ரஃபேல் ஹுய் 2014இல் ஏழரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். முன்னாள் ஐசிஏசி ஆணையர் ஒருவரின் விருந்து, பரிசுச் செலவுகளே 2013இல் கேள்விக்குள்ளாயின. அதற்கு முந்தைய ஆண்டு, முன்னாள் தலைமை நீதிபதி ஆண்ட்ரூ லி தலைமையிலான குழு ஓர் ஓட்டையைச் சுட்டிக்காட்டியது: அரசு ஊழியர் பரிசு வாங்க அனுமதி வேண்டும், இப்போது ஆளுநரின் இடத்தில் இருக்கும் தலைமை நிர்வாகிக்கோ அந்தச் சட்டப்பிரிவே பொருந்தாது. அவரும் ஒரு சுதந்திரக் குழுவிடம் அனுமதி கேட்டே வாங்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.